கடுக்காய்க்கு முன்னால் சுண்ணாம்பு

சுண்ணாம்புப் பூச்சு பற்றித் தமிழில் இப்போது வருகிற எழுத்தும் காணொளியும் ஏராளம். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் கதாநாயகன் ஒரே ஆள்தான்: கடுக்காய். பெரிய அண்டாவில் கடுக்காய் ஊறும், பக்கத்தில் கருப்பட்டி கரையும், பின்னணியில் புல்லாங்குழல். முட்டை வெள்ளைக்கரு வந்தால் அது செட்டிநாட்டுக் காணொளி என்று தெரிந்துகொள்ளலாம். இவ்வளவும் எதில் கலக்கப்படுகிறதோ அந்தச் சுண்ணாம்பு மட்டும் ஓரத்தில் ஒரு மூட்டையாகக் கிடக்கும். அது எந்தக் கல்லைச் சுட்டது, எப்போது நீற்றியது, எந்தச் சுவரில் ஏறப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சாம்பார் வைப்பது எப்படி என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பெருங்காயத்தைப் பற்றியே பேசிவிட்டு, பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்துபோவது மாதிரி.

வெறும் பேச்சு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இதை நம்பிக் காசு போட்டவர்கள் இருக்கிறார்கள். பூச்சு பொரிந்து விழுந்ததும் ஊர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது: "சுண்ணாம்பெல்லாம் அந்தக் காலம், இப்ப நிக்காது." நின்ற சுவர்கள் அதே தெருவில் நூறு வருஷமாக நின்றுகொண்டிருக்கும்போதே இந்தத் தீர்ப்பு. தோற்றது சுண்ணாம்பு இல்லை, சமையல் குறிப்பு என்பது என் வாதம். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ரோட்டில் போனால் பந்தல்குடி. அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. அந்தக் கல் போய்ச் சேரும் சிமெண்ட் ஆலை, விருதுநகர் பக்கத்து ராமசாமி ராஜா நகரில், அதாவது ஆர்.ஆர். நகரில், 1960களின் தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. அன்று மெட்ராஸ் சிமெண்ட்ஸ், இன்று ராம்கோ. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுண்ணாம்புக்கல் என்றால் நினைவுக்கு வருவது லாரிதான்.

ஆனால் அந்தச் சுரங்கக் கல் ஒரு ஜாதி. கரிசல் காட்டில் உழுதவர்களுக்கு இன்னொன்றைத் தெரியும். மேல்மண்ணுக்குக் கீழே கொழுமுனையில் 'கடக்'கென்று மாட்டும் சாம்பல் வெள்ளை முண்டுகள். புளியங்கொட்டை அளவிலும் இருக்கும், கொய்யாக்காய் அளவிலும் இருக்கும். சுக்கான்கல். இது கெட்டியாகப் படுகையாகவே கிடந்தால் சுக்காம்பாறை. கிணறு தோண்டுகிறவனைக் கேட்டால் அதைத் திட்டுவான். மண்ணில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து மழையில் கரைந்து இறங்கி, கோடையில் தண்ணீர் காய்ந்ததும் கீழேயே உறைந்து உண்டாகிற கல் இது. வறண்ட நாட்டுச் சரக்கு. அதனால் சுக்கான்கல்லுக்குள் சுண்ணாம்போடு களிமண்ணும் கலந்தே இருக்கும்.

இந்தக் களிமண்தான் விஷயமே. சுத்தமான சுண்ணாம்புக்கல்லையோ கடல் சிப்பியையோ சுமார் 900 டிகிரியில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறும். நூறு கிலோ கல் ஐம்பத்தாறு கிலோ சுட்ட சுண்ணாம்பாகும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து கரியமிலவாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மெதுவாகக் கல்லாகும். தொட்டியில் தண்ணீருக்கடியில் காற்றுப் படாமல் வைத்திருந்தால் வருஷக்கணக்கில் வெண்ணெய் மாதிரி அப்படியே இருக்கும். என்ஜினீயரிங் புத்தகங்களில் இதற்கு ஃபேட் லைம் என்று பெயர்.

சுக்கான்கல்லைச் சுட்டால் கதை வேறு. உள்ளே இருக்கும் களிமண் சுண்ணாம்போடு சூட்டில் சேர்ந்து, சிமெண்டில் இருக்கிற கூட்டுப்பொருள்களில் ஒன்றைக் கொஞ்சம் உண்டாக்கிவிடுகிறது. அதனால் சுக்கான் சுண்ணாம்பு காற்றுக்காகக் காத்திருக்காது. தண்ணீர் பட்டாலே ஒரு பங்கு இறுக ஆரம்பித்துவிடும். இது ஹைட்ராலிக் லைம். ஒன்று பால் மாதிரி வெள்ளை, மெதுவானது, மழமழப்பானது. இன்னொன்று பழுப்பு, வேகமானது, முரடு. பெயர் இரண்டுக்கும் சுண்ணாம்புதான். இரண்டையும் ஒரே குறிப்பில் எழுதுவது, கேழ்வரகுக்கும் கோதுமைக்கும் ஒரே பக்குவம் எழுதுவது மாதிரி.

இது என் கண்டுபிடிப்பெல்லாம் இல்லை. கட்டடச் சுண்ணாம்புக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 712 என்று ஒன்று இருக்கிறது. அதில் சுண்ணாம்பை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். சி வகை ஃபேட் லைம்: பூச்சின் கடைசிப் பூச்சுக்கும் வெள்ளையடிக்கவும். இ வகை கங்கர் லைம், அதாவது நம்ம சுக்கான் சுண்ணாம்பு: கட்டுமானச் சாந்துக்கு. தனி வகையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பை நீற்றுவதற்கு ஐ.எஸ். 1635, பூசுவதற்கு ஐ.எஸ். 2394. எல்லாம் சில பக்கங்கள்தான், அலுப்பான ஆங்கிலம், புல்லாங்குழல் கிடையாது. ஆனால் பாரம்பரியச் சுண்ணாம்பு பற்றி நான் பார்த்த காணொளி எதிலும் இந்த ஆறு வகையைப் பற்றிய பேச்சே இல்லை. கோட் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது விசித்திரமாக இருக்கிறது. டாக்குமெண்டேஷன் கையில் இருக்கும்போது அதைத் திறக்காமல், எவனோ எழுதியதைக் காப்பி அடித்து ஒட்டுகிற வேலை.

பழைய ஆட்கள் இந்த வித்தியாசத்தைத் தரநிர்ணயம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், எழுபது தாண்டிய கொத்தனார் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அப்பாவோடு சாந்து அரைக்கப் போனவர். "அய்யா, சுண்ணாம்பு எத்தன நாள் ஊறணும்?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை.

"எந்தச் சுண்ணாம்பு தம்பி?"

எல்லாக் காணொளிகளிலும் சேர்த்து நான் கேட்காத கேள்வியை அவர் முதல் வார்த்தையிலேயே கேட்டுவிட்டார். பிறகு சொன்னார்: "சிப்பிச் சுண்ணாம்புன்னா தொட்டியில கெடக்கட்டும். எம்புட்டுக் கெடந்தாலும் நல்லதுதான். சுக்கான் சுண்ணாம்புன்னா அன்னைக்கு அரைச்சத அன்னைக்கே பூசிப்புடணும். மறுநா பாத்தீகன்னா கட்டியாயிரும்." கடுக்காய் பற்றிக் கேட்டதற்கு, "இருந்தாப் போடுவோம், இல்லாட்டி இல்ல. அரைப்புதான் தம்பி கணக்கு" என்று முடித்துக்கொண்டார்.

'சுண்ணாம்பு பழசாகப் பழசாக நல்லது' என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினிகூட, மூன்று வருஷத்துக்குக் குறைவான சுண்ணாம்பைக் கட்டடக்காரர்கள் பயன்படுத்தக்கூடாது என்று பழைய சட்டம் இருந்ததாக எழுதியிருக்கிறார். சரிதான். ஆனால் அது காற்றில் இறுகும் சுண்ணாம்புக்கான விதி. சுக்கான் சுண்ணாம்பை மூன்று வருஷம் தொட்டியில் போட்டால் கடப்பாரைதான் வேண்டும்.

சுண்ணாம்பை நன்றாக நீற்றுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது மாயம் ஒன்றுமில்லை. சரியாக நீறாத சுண்ணாம்புத் துணுக்கு பூச்சுக்குள் மாட்டிக்கொண்டால், பின்னாளில் ஈரம் பட்டு அங்கேயே நீறும். நீறும்போது பருக்கும். பருத்தால் மேலே உள்ள பூச்சை அம்மைக் கொப்புளம் போலத் தெறிக்க வைக்கும். ஆறு மாதம் கழித்துச் சுவரில் பொட்டுப் பொட்டாகக் குழி விழுவது இதனால்தான். இதைக் கடுக்காய் தடுக்காது. சல்லடை தடுக்கும், பொறுமை தடுக்கும்.

இப்போது சேர்மானங்களுக்கு வருகிறேன். அவை வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. வேலை செய்கின்றன. எந்த வேலை என்று சொல்லாமல் விடுவதுதான் எனக்குப் பிரச்சினை. கருப்பட்டியில் இருக்கும் சர்க்கரை, சுண்ணாம்பைத் தண்ணீரில் சாதாரணமாகக் கரைவதைவிட அதிகமாகக் கரைய வைக்கும், கலவையைக் குழைவாக்கும், இறுகுவதைத் தள்ளிப்போடும். கடுக்காயில் டானின் என்கிற துவர்ப்புச் சத்து. அதுவும் குறைந்த தண்ணீரிலேயே கலவை இழுபட உதவும். முட்டை வெள்ளைக்கரு புரதம், சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத மெல்லிய பிசின் மாதிரி ஆகும். அதன் மேல் கல்லால் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு ஏறும். செட்டிநாட்டுத் தூண்களின் பளபளப்பில் முட்டைக்கு எவ்வளவு பங்கோ, அதைவிடப் பெரிய பங்கு அந்தத் தேய்ப்புக்கும், அதற்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய பூச்சுகளுக்கும், மாவாக அரைத்த சாந்துக்கும் உண்டு. மொராக்கோவில் டடெலாக்ட் என்று ஒரு பூச்சு இருக்கிறது. அங்கே முட்டை இல்லை. ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தடவிக் கூழாங்கல்லால் தேய்க்கிறார்கள். அதுவும் கண்ணாடி மாதிரிதான் வருகிறது. சீனாவில் பசையரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்து கோட்டை மதில் கட்டினார்கள். அவரவர் ஊரில் கிடைத்ததைப் போட்டார்கள். எல்லா ஊருக்கும் பொதுவாக இருந்தது சுண்ணாம்பும் உழைப்பும்.

சேர்மானம் எதோடு சேர்கிறது என்று பார்க்காவிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது. இப்போது 'பாதுகாப்புக்கு' என்று சொல்லிச் சுண்ணாம்புச் சாந்தில் ஒரு சட்டி சிமெண்டையும் போடுகிறார்கள். 'பாரம்பரியத்துக்கு' என்று கருப்பட்டித் தண்ணீரையும் ஊற்றுகிறார்கள். சிமெண்டுக்குச் சர்க்கரை விரோதி. கட்டடத்தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொஞ்சம் கலந்தாலே இறுகுவது மணிக்கணக்கில் தள்ளிப்போகும், கூடினால் கலவை பலமே பிடிக்காமல் போகும். நீரில் இறுகும் பங்கு உள்ள சுக்கான் சுண்ணாம்புக்கும் அளவு மீறினால் இதே கதிதான். ஆக, ஒரே சட்டியில் ஒன்றை ஒன்று முடக்குகிற இரண்டு பொருள். கலக்கிறவருக்குத் தெரியாது, காசு கொடுக்கிறவருக்கும் தெரியாது. உதிர்ந்ததும் பழி சுண்ணாம்பு மேல்.

முல்லைப் பெரியாறு அணையையும் இந்தக் கூட்டத்தில் இழுத்துவிடுகிறார்கள். 1887இல் தொடங்கி 1895இல் பென்னிகுவிக் முடித்த அணை சுண்ணாம்பால்தான் நிற்கிறது, உண்மை. ஆனால் அதில் சுண்ணாம்போடு சேர்ந்த முக்கியமான ஆள் சுர்க்கி, அதாவது சுட்ட செங்கல் பொடி. சுட்ட களிமண் பொடி சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும். ரோமானியர்களுக்கு எரிமலைச் சாம்பல் செய்த வேலையை நமக்குச் செங்கல் பொடி செய்தது. உடைந்த செங்கல் எந்த ஊரில் இல்லை? கடையில் காசு கொடுத்துக் கடுக்காய் வாங்குகிற பலர், வாசலில் கிடக்கிற செங்கல் துண்டைக் குப்பையில் கொட்டுகிறார்கள். காணொளியில் செங்கல் பொடி அழகாக இருக்காது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது தண்ணீர். எங்கள் நாடு வறண்ட நாடு, இதை ஒரு குறிப்பும் கணக்கில் எடுப்பதில்லை. காற்றில் இறுகும் சுண்ணாம்புக்குக் காற்று மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். கரியமிலவாயு அந்த ஈரத்தில் கரைந்துதான் சுண்ணாம்போடு சேரும். சுவர் முழுக்க நனைந்திருந்தாலும் வாயு உள்ளே போகாது, ஒரேயடியாகக் காய்ந்தாலும் வேலை நின்றுவிடும். சித்திரை வெயிலில், அதற்கு மேல் ஆடிக் காற்றில், பூசிய மறுநாளே சாந்து எலும்பாகக் காய்ந்துவிடும். பார்க்கக் கெட்டியாகத் தெரியும். உள்ளங்கையால் தடவினால் மாவு ஒட்டும். அது இறுகவில்லை, காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் பல வேலைகள் 'முடிக்க'ப்படுகின்றன. சாக்கு கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, நாட்கணக்கில் ஈரம் காக்க வேண்டும். அதற்கும் எங்கள் பக்கம் பல ஊர்களில் போர்த் தண்ணீர் உவர்ப்பு. அந்த உப்பு சுவருக்குள் போய், காயும்போது மேலே வந்து பூக்கும்; பூக்கும்போது பூச்சைத் தள்ளும்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பொங்கல் வெள்ளையடிப்பு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, கண்மாயில் தண்ணீர் கிடந்து, வெயில் தாழ்ந்து, விடியற்காலையில் பனி இறங்குகிற மார்கழி. வருஷத்தில் சுவர் மெதுவாகக் காய்கிற காலம் அதுதான், மழை வந்து கழுவிவிடும் பயமும் குறைவு. வெள்ளையடிப்பை அந்த மாதத்தில் வைத்ததற்கு அறுவடைக் காசு, பண்டிகை எல்லாம் காரணமாக இருக்கலாம். ஆனால் சுண்ணாம்பு பிடிக்க அதைவிட நல்ல மாதம் எங்கள் நாட்டில் கிடையாது. சுண்ணாம்புத் தண்ணீரின் காரம் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஆகாது. சுவர் இறுக இறுக அந்தக் காரம் குறைந்துவிடும். வருஷா வருஷம் அடிப்பதில் அதையும் புதுப்பித்துக்கொண்டார்கள். இப்போது ஆன்லைனில் மூட்டை ஆர்டர் பண்ணி, லீவு கிடைக்கிற மே மாதத்தில் பூசுகிறோம்.

மண் பூச்சிலும் இதே குழப்பம். 'உங்கள் நிலத்து மண்ணையே பூசுங்கள்' என்று சொல்வது கேட்க இனிமையாக இருக்கிறது. கரிசல்காரனிடம் சொல்லிப் பாருங்கள். பங்குனியில் எங்கள் காட்டில் விழுகிற வெடிப்பில் கை முழங்கை வரை போகும். தண்ணீர் பட்டால் ஊதி, காய்ந்தால் சுருங்குகிற களி அது. அதைத் தனியாகச் சுவரில் அப்பினால் சுவரும் வயல் மாதிரியே வெடிக்கும். அதனால்தான் கரிசல் ஊர்களில்கூட பூச்சுக்குச் செம்மண் திட்டு இருக்கிற பக்கம் வண்டி கட்டிப் போனார்கள். அதில் மணல், நறுக்கிய வைக்கோல், சாணி சேர்த்து மிதித்து, சில நாள் புளிக்கவிட்டு, பிறகுதான் சுவர். மண்ணைச் சோதிக்க லேபும் வேண்டாம். உள்ளங்கையளவு அடை தட்டி நிழலில் காயவைத்தால் போதும். வெடித்தால் மணல் போதவில்லை, உதிர்ந்தால் களி போதவில்லை.

கரிசல் இன்னொரு வகையிலும் இதில் வருகிறது. அஸ்திவாரத்துக்குக் கீழே மண் வருஷம் ஒரு முறை ஊதிச் சுருங்கும்போது மேலே கட்டடம் மயிரிழை அசையும். சிமெண்ட் பூச்சு விறைப்பு, அசைந்தால் கீறும். சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சிறு கீறலில் மழை ஈரம் இறங்கினால் உள்ளே மிச்சமிருக்கும் சுண்ணாம்பு கரைந்து அங்கேயே படிந்து கீறலை மூடவும் செய்யும். என்னைக் கேட்டால், கரிசல் நாட்டில் சுண்ணாம்பை ஆதரிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. இதை யாரும் சொல்வதில்லை. சொல்வதெல்லாம் ஏசி கதைதான்.

அந்த ஏசி கதையையும் பார்த்துவிடலாம். 'சுண்ணாம்புச் சுவர் வீட்டைக் குளிர வைக்கும்.' பழைய வீடு குளிர்ந்தது உண்மை. அதற்குக் காரணம் இரண்டு அடி தடிமன் சுவர், உயரமான கூரை, முற்றம், தாழ்வாரம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் அரை அங்குலம் சுண்ணாம்பு பூசிவிட்டு அந்தக் குளிர்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வெயிலைத் திருப்பி அனுப்புவது வெள்ளை நிறம்தான், அதுவும் சுவரைவிட மொட்டை மாடியில் அடித்தால்தான் பலன் அதிகம். அகமதாபாத்தில் 2017இல் ஏழை வீடுகளின் கூரைக்கு வெள்ளையடிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். இங்கே செய்வதற்கும் பெரிய செலவில்லை.

'சுவர் மூச்சு விடும்.' காற்று போய் வராது. நீராவி போய் வரும். இது நல்ல குணம்தான், ஆனால் சுவர் முழுக்க அந்தக் குணம் இருந்தால்தான். 'காற்றிலிருக்கிற கார்பனை உறிஞ்சி பூமியைக் காப்பாற்றும்.' சூளையில் கல்லிலிருந்து வெளியேறியதைத்தான் திரும்ப வாங்குகிறது, அதுவும் பல வருஷம் எடுத்துக்கொண்டு. சூளைக்கு எரித்த விறகும் நிலக்கரியும் கணக்கில் அப்படியே நிற்கும். சிமெண்டுக்கு 1450 டிகிரி, சுண்ணாம்புக்கு 900. இந்த அளவில் சுண்ணாம்பு மேல் என்று சொன்னால் போதும். பொய் சேர்க்கத் தேவையில்லை.

உறவில் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனிப் பெயரும் ஊரும் வேண்டாம். வெளியூரிலிருந்து வந்து, 'நூறு சதவீதம் இயற்கைச் சுண்ணாம்பு' என்று எழுதிய பக்கெட்டைத் திறந்தார்கள். பழைய வீடு, மண் சாந்தில் கட்டிய சுவர். சித்தப்பா காலத்தில் அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருந்தது, அதை மறைக்கத்தான் இந்தப் புதுப் பூச்சே. சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுக்கவில்லை. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு மில்லி சுண்ணாம்பு. மூச்சு விடும் பூச்சு என்று பில்லிலும் போட்டிருந்தார்கள். மூக்கை அடைத்துவிட்டு மேலே விபூதி பூசிய கதை. அடுத்த மழைக்கு உள்ளே அடைபட்ட ஈரம் உப்போடு வெளியே வந்து, இடுப்பளவு வரை எல்லாம் அப்பளமாக எழும்பிவிட்டது. போன் செய்ததற்கு, 'உங்க சுவர்ல ஈரம் இருக்கு சார்' என்று பதில். ஈரம் இருந்ததால்தானே கூப்பிட்டோம்! அந்தச் சுவருக்கு வேண்டியிருந்தது சிமெண்டை உரித்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, முரட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசுவது. அழகாக இருந்திருக்காது, பக்கெட் வியாபாரத்துக்கும் ஒத்துவராது.

வியாபாரம் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் இந்த மறுமலர்ச்சி யாருக்காக நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன; அங்கே பளபளப்புத் தூணுக்கு மதிப்பு கூடியிருக்கிறது, ஓட்டலாகிவிட்ட பங்களாக்களில் அதைப் படம் எடுக்கிறார்கள். பண்ணை வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். இன்னொரு பக்கம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மண் சுவர் என்றாலே நிரந்தரமில்லாத சுவர்க் கணக்கில்தான் சேரும். மண் சுவருக்குச் செம்மண் பூசி வெள்ளையடித்து நன்றாக வைத்திருக்கிற பாட்டி வீடு 'குடிசை', அதே பூச்சு ரிசார்ட்டில் 'எர்த்தன் ஃபினிஷ்'. பாட்டிக்குக் கான்கிரீட் வீடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் அந்தச் சுவரோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது அவர்தான், நான் இல்லை. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். அந்தத் தொகையில் யாரும் முட்டைப் பூச்சு பூசப் போவதில்லை. ஆனால் அந்த வீட்டின் கான்கிரீட் மாடியில் வருஷம் ஒரு தடவை சுண்ணாம்பு அடிக்கலாம். சித்திரையில் அதற்குக் கீழே படுக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும். இயற்கைப் பூச்சு பற்றிப் பேசுகிறவர்கள் பேச வேண்டிய வீடு இது. ஒரு காணொளியும் அங்கே போய் எடுக்கவில்லை.

இன்னொன்று. சுக்கான்கல் எங்கள் காட்டிலேயே கிடக்கிறது. சூளைக்கு வேண்டிய கரியும் எங்களிடமே இருக்கிறது: சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு, மூட்டை மூட்டையாக வெளியூருக்கு ஏற்றுகிறோம். மதுரையில் காளவாசல் பஸ் ஸ்டாப்பில் இறங்குகிற எத்தனை பேருக்குக் காளவாய் என்றால் சூளை என்று தெரியும்? கல்லும் கரியும் இருக்கிற ஊரில் நான் சுற்றிப் பார்த்தவரை ஒரு சுண்ணாம்புச் சூளை புகையவில்லை. கடைக்குப் போனால் கிடைப்பது பாக்கெட் பொடி. எந்தக் கல், எந்த வகை, எப்போது நீற்றியது என்று அதில் எழுதியிருக்காது. மாதக்கணக்கில் காற்றுப் பட்டுப் பாதி ஏற்கெனவே கல்லாகியிருந்தாலும் பார்வைக்குத் தெரியாது. ஒரு ஸ்பூன் பொடியில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நல்ல நீற்றிய சுண்ணாம்பு அமைதியாகக் கரையும். சோடா மாதிரி நுரை பொங்கினால் அது பழைய சரக்கு, வேலை முடிந்துபோன சுண்ணாம்பு. அதில் எத்தனை கிலோ கடுக்காய் போட்டாலும் சுவரில் பிடிக்காது.

கொத்தனார் அய்யாவிடம் சுக்கான்கல் கொஞ்சம் பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன். தகர டின்னில் கரி அடுக்கிச் சுட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். மழை விட்டு, மார்கழி பிறக்கட்டும் என்கிறார்.